அம்மாவின் கண்ணுக்கு மூளை டாக்டர் எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. பத்து வருஷமாகச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. ஐந்து மாதத்துக்கு முன்னால் இடது கண் சிவந்தது. கண்வலி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள், போகவில்லை. அலர்ஜி என்று வேறு சொட்டு. பிறகு கண் அழுத்தம் 30 என்று சொல்லி அதற்கும் ஒரு சொட்டு. ஒரு மாதமாக எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறார். ராத்திரி படுத்தால் காதுக்குள் ‘உஸ் உஸ்’ என்று சத்தம் கேட்கிறதாம். வயசானால் அப்படித்தான் என்று நாங்கள் விட்டுவிட்டோம். இப்போது அந்தக் கண்ணில் பார்வை மங்கிவிட்டது. விழித்திரையில் ரத்தக்கசிவு, விழித்திரை விலகி அதற்கு அடியில் நீர், கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் தவறாக இணைந்திருக்கின்றன என்று சொல்லி, மூளை ரத்தக்குழாய் நிபுணரிடம் ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். கண்ணில் உள்ள கோளாறுக்கு மூளை டாக்டரிடம் ஏன் போக வேண்டும்? கண்ணுக்குள் ஊசி போட்டால் போதாதா? விழித்திரை விலகினால் உடனே ஆபரேஷன் வேண்டாமா? பார்வை திரும்புமா? ‘மூளை’ என்று கேட்டதிலிருந்து அம்மா வர மறுக்கிறார்.

பதில்: அம்மாவை எப்படியாவது சம்மதிக்க வைத்து, அந்த ஆஞ்சியோகிராமுக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள். மீதிக் கேள்விகளுக்கான பதிலைப் போகும் வழியில்கூடப் படித்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ‘உஸ் உஸ்’. வயசுக்கு வரும் காது இரைச்சல் பெரும்பாலும் ‘ஙொய்’ என்று ஒரே சீராக இருக்கும். இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். அம்மாவின் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் மறு கை விரலால் கட்டிலைத் தட்டச் சொல்லுங்கள். நாடியும் தட்டலும் ஒன்றாக விழுந்தால், அது பெரும்பாலும் காதில் பிறக்கும் சத்தமல்ல. ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் சத்தம்; ஓடக்கூடாத வழியில் ஓடுவதாகவும் இருக்கலாம். இதையும் இரட்டைப் பார்வையையும், மருந்துக்கு மசியாத சிவப்பையும், ஏறிய கண் அழுத்தத்தையும் ஒரே கண்ணின் பக்கம் வைத்துப் பார்த்தால், உங்கள் விழித்திரை டாக்டர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார் என்று எனக்கும் தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது முறையாகாது.

இனி அந்தத் தவறான இணைப்பு. கண்குழிக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில், இரண்டு பக்கமும் பஞ்சு மாதிரி அறை அறையாக ஒரு ரத்தக் குளம் இருக்கிறது. கேவர்னஸ் சைனஸ் என்பது அதன் பெயர். கண்ணிலிருந்து திரும்பும் அசுத்த ரத்தத்தில் பெரும் பகுதி இதில்தான் வந்து வடிகிறது. வேடிக்கை என்னவென்றால், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனி இந்தக் குளத்தின் நடுவே நுழைந்துதான் மேலே ஏறுகிறது. தமனிக்குள் சராசரி அழுத்தம் 90, 100 மில்லிமீட்டர் பாதரச அளவு. வெளியே குளத்தில் அதில் சிறு பங்குகூட இல்லை. நடுவில் இருப்பது தமனியின் சுவர் மட்டும். அந்தச் சுவர் கிழிந்தாலோ, மூளை உறைக்குப் போகும் பொடித் தமனிகள் குளத்தோடு ஒட்டிக்கொண்டு கள்ள வழி திறந்துவிட்டாலோ, தமனி ரத்தம் நேராக வடிகாலில் பாய்கிறது. கரோடிட் கேவர்னஸ் ஃபிஸ்டுலா, சுருக்கமாக சி.சி.எஃப்., என்பது இதுதான்.

வெள்ளம் வந்தால் ஆற்றில் சேர வேண்டிய வாய்க்காலிலேயே தண்ணீர் எதிரேறும் அல்லவா, அதே கதைதான் இங்கேயும். கண்ணிலிருந்து குளத்துக்குப் போக வேண்டிய சிரைகளில் ரத்தம் குளத்திலிருந்து கண்ணை நோக்கித் திரும்புகிறது. அம்மாவின் கண்ணில் ஐந்து மாதமாக நடந்ததெல்லாம் இந்த எதிரேற்றத்தின் கணக்கு.

சிவப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கண்வலியில் கண் முழுக்க ஒரே மாதிரி சிவக்கும், பீளை தள்ளும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். சி.சி.எஃப். சிவப்பில் தடித்த குழாய்கள் திருகாணி மாதிரி சுருண்டு சுருண்டு கருவிழியின் விளிம்பு வரை ஓடிவரும்; பீளை பெரிதாக இருக்காது. அம்மாவைச் சன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கீழ் இமையை மெல்ல இறக்கிப் பாருங்கள், தெரியும். ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் தேடினால்தான் கண்ணில் படும். அவசரப் பார்வைக்கு இதுவும் வெறும் சிவந்த கண்தான்.

கண் அழுத்தம் சொட்டு மருந்துக்கு அடங்காததற்கும் காரணம் உண்டு. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறி, கண்ணின் மேற்பரப்பில் உள்ள நுண்சிரைகளில் கலக்கிறது. அந்தச் சிரைகளில் வழக்கமாக 8 முதல் 10 மில்லிமீட்டர் அழுத்தம்தான் இருக்கும். அது 20, 25 என்று ஏறிவிட்டால், நீர் வெளியேற வேண்டிய வாசலிலேயே எதிர்ப்பு. சொட்டு மருந்துகள் பெரும்பாலும் சுரப்பைக் குறைக்கும், அல்லது வெளியேறும் வழியை இளக்கும். வாசலுக்கு அப்பால் நிற்கும் வெள்ளத்தை அவை ஒன்றும் செய்வதில்லை. அதற்காகச் சொட்டை நிறுத்திவிடாதீர்கள். இருக்கும் அழுத்தத்தில் ஐந்து புள்ளி குறைந்தாலும் இப்போது லாபம்.

இரட்டைப் பார்வையை இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம். கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்பும் ஆறாவது நரம்பு அந்தக் குளத்துக்குள்ளேயே, கரோடிட் தமனிக்குப் பக்கத்தில் ஓடுகிறது. குளம் ததும்பினால் முதலில் நனைவது பெரும்பாலும் அதுதான். அம்மா இடது பக்கம் பார்க்கும்போது இரட்டை அதிகமாகிறது என்றால் கணக்கு ஒத்துப்போகிறது. கண் தசைகள் ரத்தம் தேங்கி வீங்குவதாலும் இரட்டை வரும்.

இனி விழித்திரை. உங்கள் கவலையெல்லாம் இங்கேதான் இருக்கிறது, என் தொழிலும் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு திசுவுக்கு ரத்தம் கிடைப்பது, உள்ளே வரும் அழுத்தத்துக்கும் வெளியே போகும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். சி.சி.எஃப்.பில் வெளியேறும் பக்க அழுத்தம் ஏறிவிடுகிறது. அதோடு கண் அழுத்தமும் சேர்ந்து நசுக்குகிறது. சில வகைகளில் உள்ளே வரும் ரத்தத்தையே கள்ள வழி திருடிக்கொள்கிறது. ஆக, விழித்திரை ரத்தத்தில் மிதந்துகொண்டே பட்டினி கிடக்கிறது. முதலில் சிரைகள் தடித்து வளையும். பிறகு நடுச்சுற்றிலும் ஓரங்களிலும் மை தெளித்த மாதிரி புள்ளிப் புள்ளியாக ரத்தக்கசிவு. நாங்கள் இதைத் தேக்க விழித்திரை நோய் என்போம். இதைச் சர்க்கரை விழித்திரை நோய் என்று நினைப்பது சுலபம், உங்கள் அம்மா மாதிரி பத்து வருஷச் சர்க்கரை இருந்தால் இன்னும் சுலபம். ஆனால் சர்க்கரை வழக்கமாக இரண்டு கண்களையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தாக்கும். வலது கண் சுத்தமாக இருக்க, இடது கண்ணில் மட்டும் கசிவு என்றால், அந்தப் பக்கம் ரத்த ஓட்டத்தில் ஏதோ பிசகு என்று சந்தேகிக்க வேண்டும்.

தேங்கிய ரத்தம் உறைந்துபோனால், விழித்திரையின் மையச் சிரையே அடைபடும். அப்போது விழித்திரை முழுக்கக் குங்குமம் கொட்டினாற்போல் ரத்தம், பார்வை மையத்தில் வீக்கம், சட்டென்று பார்வை இறக்கம். சி.சி.எஃப்.பினால் விழித்திரைக்கு வரும் பாதிப்புகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். இணைப்பை அடைத்த பிறகும் முழுசாக விட்டுப்போகாதது இது.

அம்மாவுக்குச் சொன்ன ‘அடியில் நீர்’ வேறு விஷயம். விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்று ரத்தக்குழாய்களே நெய்த ஒரு படலம் இருக்கிறது. அதன் சிரைகளும் அதே வடிகாலை நம்பித்தான் இருக்கின்றன. வடிகால் எதிரேறினால் கோராய்டு ஊறிய பஞ்சு மாதிரி தடிக்கும், நீர் கசியும், கசிந்த நீர் விழித்திரையைத் தூக்கும். விழித்திரை விலகல்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் விலகல் விழித்திரையில் ஓட்டை விழுந்து வருவது. அதற்கு ஓட்டையை மூடும் ஆபரேஷன் வேண்டும், தாமதிக்கவும் கூடாது. இதில் ஓட்டை கிடையாது. அம்மா உட்கார்ந்தால் நீர் கீழே இறங்கும், படுத்தால் பின்னால் நகரும். இதற்குக் கத்தி தேவையில்லை, வைத்தால் நல்லதும் இல்லை. ஊற்று நின்றால் நீர் தானாக உறிஞ்சப்படும். ஓட்டை எதுவும் இல்லை என்று கண்ணின் பாப்பாவைச் சொட்டு மருந்தால் விரித்துப் பார்த்து உறுதி செய்தார்களா என்று மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று மெதுவாக வருவது. பட்டினி கிடக்கும் விழித்திரை ரத்தம் வேண்டி ரசாயனச் சைகை அனுப்பும்; அதைக் கேட்டு ஒழுங்கற்ற புதுக் குழாய்கள் முளைக்கும். அவை உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். கருவிழிக்குப் பின்னால் உள்ள ஐரிஸில் முளைத்தால், நீர் வெளியேறும் மூலையை அடைத்து, வலியோடு கூடிய மோசமான கண் அழுத்த நோயில் கொண்டுபோய் விடும். வாரக்கணக்கில் காத்திருப்பதை நான் விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊசி போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். கண்ணுக்குள் போடும் ஊசி, புதுக் குழாய்களைத் தூண்டும் அந்த ரசாயனத்தை அடக்கும், மைய வீக்கத்தை வற்றவைக்கும். சிரை அடைத்துக்கொண்ட கண்ணுக்கு அது அவசியமான மருந்து. அம்மாவுக்கும் பின்னால் தேவைப்படலாம். ஆனால் வெள்ளம் எதிரேறிக்கொண்டிருக்கும்போது அதை மட்டும் நம்பினால், மாதாமாதம் வீக்கம் திரும்ப வரும்.

சொந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன், ஒரு பெரியவருக்குச் சிரை அடைப்பு என்று நினைத்து மூன்று ஊசி போட்டேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வற்றும், மறுபடி ஊறும். கண் சிவப்பை ஊசி போட்ட எரிச்சல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காவது தடவை நாற்காலியை விட்டு எழும்போது அவர் சொன்னார்: ‘தலையணையில் காதை வைத்தால் ரயில் போகிறது டாக்டர்.’ கண் டாக்டர் அறையில் ஸ்டெதஸ்கோப் இருக்காது. பக்கத்து அறையில் இரவல் வாங்கி, அவரைக் கண்ணை மூடி மூச்சைப் பிடிக்கச் சொல்லி, இமை மேல் வைத்துக் கேட்டேன். ரயில் எனக்கும் கேட்டது. பிறகு கண் அழுத்தம் பார்க்கும் கருவியில் பார்த்தால், நீல வெளிச்சத்தில் தெரியும் இரண்டு பச்சை அரைவட்டங்கள் நாடிக்குத் தக்கபடி அகலமாக ஆடுகின்றன. முந்தைய மூன்று தடவையும் ஆடியிருக்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு நான் நகர்ந்திருக்கிறேன். அதனால், அம்மாவுக்கு முதலில் சொட்டு கொடுத்தவர்கள் மேல் கோபப்படாதீர்கள். இது அபூர்வ நோய். தைராய்டு கண் நோய் என்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களும் உண்டு.

சரி, மூளை டாக்டர் எதற்கு? குளம் கண்ணுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதால். அங்கிருந்து ரத்தம் முன்னால் கண்ணுக்கும் போகலாம், பின்னால் கழுத்துச் சிரைக்கும் போகலாம், மேலேறி மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்கும் போகலாம். மூன்றாவது வழி திறந்திருந்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு வரும் ஆபத்து உண்டு. அப்போது கண்ணைவிட அதுதான் முதல் அவசரம். கண்குழிச் சிரை தடித்திருப்பதை எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் காட்டும், ரத்தம் எதிர்த்திசையில் ஓடுவதை டாப்ளர் காட்டும். ஆனால் எந்தக் கிளையிலிருந்து எந்தச் சிரைக்கு எவ்வளவு வேகத்தில் பாய்கிறது என்பதை நுண்குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் தெளிவாகக் காட்டும். 1985-ல் வந்த பாரோ வகைப்பாடு இந்த இணைப்புகளை ஏ முதல் டி வரை நான்காகப் பிரிக்கிறது. ஏ என்பது கரோடிட் தமனியின் சுவரே கிழிந்து வருவது. பெரும்பாலும் தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கு, வேகமாக, கண் பிதுங்கித் துடிக்கும் அளவுக்கு வரும். மற்ற மூன்றும் பொடித் தமனிகளால் மெதுவாக வருபவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு, அடி எதுவும் படாமலே வருவது இந்த வகைதான். அம்மாவின் கதை இதைப் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் ஐந்தாறு மாதத்துக்கு முன் கீழே விழுந்தாரா, தலை எங்கேயாவது மோதியதா என்று கேளுங்கள். வயதானவர்கள் திட்டு வாங்கப் பயந்து இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். ‘மூளை ஆபரேஷன்’ என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். இது அது இல்லை. தலையைத் திறக்கப்போவதில்லை. தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ ஊசித் துளை போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாகவே மேலே செலுத்தி, சாயம் விட்டு எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். சாயம் பாயும்போது முகமும் கழுத்தும் குப்பென்று சூடாகும். முன்கூட்டியே சொல்லிவைத்தால் பதற மாட்டார். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழகிய கைகளில் நிரந்தரப் பக்கவாதம் வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. சாயம் சிறுநீரகத்தைத் தொடும் என்பதால் கிரியாட்டினின் பார்த்திருக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும், ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை உண்டென்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

இணைப்பைக் கண்டுபிடித்தால், பெரும்பாலும் அதே வழியில் இன்னொரு நாளோ அன்றைக்கேயோ அடைப்பார்கள். அம்மாவின் வகைக்கு வழக்கமாகச் சிரை வழியாகக் குளத்துக்குள்ளேயே போய், பிளாட்டினக் கம்பிச் சுருள்களையோ பசை போன்ற திரவத்தையோ நிரப்புவார்கள். 1809-ல் லண்டனில் பெஞ்சமின் டிராவர்ஸ், துடிக்கும் கண்ணோடு வந்த ஒரு பெண்ணுக்குக் கழுத்தில் கரோடிட் தமனியையே கட்டினார். வேறு வழி தெரியாத காலம். 1974-ல் சோவியத் மருத்துவர் செர்பினென்கோ, கழற்றிவிடக்கூடிய குட்டிப் பலூனைக் குழாய் வழியாக அனுப்பி ஓட்டையை அடைக்கலாம் என்று எழுதிய பிறகு, கழுத்தைக் கீறாமலே அடைக்கும் வழி திறந்தது.

மெதுவான வகைகளில் ஒரு பகுதி தானாகவே அடைபட்டுவிடும் என்பதும் உண்மை. கழுத்தை அழுத்தினால் மூடிக்கொள்ளும் என்று யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படலாம். அப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது. ஆனால் எதிர்ப்பக்கக் கையால்தான் அழுத்தச் சொல்வார்கள். மூளைக்கு ரத்தம் குறைந்தால் அந்தக் கைதான் தளர்ந்து தானாக விழும் என்பதால். இவ்வளவு ஜாக்கிரதை தேவைப்படுகிற காரியத்தை வீட்டில் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. கரோடிட் தமனியில் கொழுப்புப் படிவு இருந்தால் பக்கவாதத்தில் முடியலாம். பத்து வருஷச் சர்க்கரைக்காரருக்கு அது இல்லை என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். காத்திருப்பது என்பது பார்வை நன்றாக இருந்து, கண் அழுத்தம் அடங்கி, மூளைச் சிரைகளுக்கு ரத்தம் ஏறாதவர்களுக்கு. அம்மாவுக்குப் பார்வை ஏற்கெனவே இறங்கிவிட்டது.

பார்வை திரும்புமா? அடைத்த அன்றே பலருக்குச் சத்தம் நின்றுவிடும். சிவப்பும் கண் அழுத்தமும் நாட்களில், வாரங்களில் இறங்கும். விழித்திரைக்கு அடியில் உள்ள நீர் சில வாரங்களில் வற்றும். அம்மாவின் மங்கலுக்கு அந்த நீர்தான் முக்கியக் காரணம் என்றால் நல்ல முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம். ரத்தப் புள்ளிகள் கரைய மாதங்கள் ஆகும். இரட்டைப் பார்வைக்குப் பொறுமை வேண்டும். நரம்பு தேற மூன்று, ஆறு மாதம் எடுக்கும், அதுவரை ஒரு கண்ணை மறைத்துச் சமாளிக்கலாம். மையச் சிரை அடைத்திருந்தாலோ பார்வை நரம்பு வாடியிருந்தாலோ அந்தப் பங்கு திரும்பாது. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது, ஓ.சி.டி. என்ற விழித்திரை ஸ்கேன் படத்தில் மையத்தில் என்ன இருக்கிறது, சாயம் விட்டு எடுத்த விழித்திரைப் படத்தில் ரத்தம் போகாத பகுதி எவ்வளவு என்று இந்த இரண்டையும் கேளுங்கள். ரத்தம் போகாத பகுதி பெரிதாக இருந்தால், புதுக் குழாய் முளைக்காமலிருக்க லேசர் வேண்டியிருக்கலாம். இணைப்பு அடைபட்டதும் கண் டாக்டரை மறந்துவிடாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் பயந்துவிடுவீர்கள். இணைப்பு மூடிக்கொள்ளும் சமயத்தில், தானாகவோ சிகிச்சையிலோ, கண்குழிச் சிரைக்குள் ரத்தம் உறையும். அப்போது சில நாட்களுக்குக் கண் இன்னும் சிவந்து, வீங்கி, வலிக்கும், பிறகுதான் தணியும். பெரும்பாலும் இது நல்ல அறிகுறிதான். ஆனாலும் அந்த நாட்களில்தான் விழித்திரைச் சிரையும் அடைபடலாம். அதனால் ‘டாக்டர் சொன்னாரே’ என்று வீட்டிலேயே இருந்துவிடாமல், போய்க் காட்டுங்கள். கடுமையான தலைவலியோடு வாந்தி, திடீரென்று பார்வை இருட்டுவது, இமை தொங்கிப்போவது, கை கால் தளர்வது எதுவானாலும் நேரம் காலம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். சிகிச்சைக்கு முன்பே ஒருநாள் காலையில் ‘சத்தம் நின்றுவிட்டது, எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று அவர் சந்தோஷப்படக்கூடும். இணைப்பு மூடியிருந்தாலும் சத்தம் நிற்கும். முன் வழி அடைபட்டு ரத்தம் மூளைப் பக்கம் திரும்பியிருந்தாலும் நிற்கும். எது என்று படம் எடுத்தால்தான் தெரியும். அன்றைக்கும் ஆஞ்சியோகிராமை ரத்து செய்யாதீர்கள்.